ராயகிரி யானையின் காது

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள எஸ்ரா அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் ரெனியும் சுகம். யானை முகாமில் உங்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கிறதா? நேற்று சிக்னலுக்காக நீங்கள் மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் "சரி, விடு பெர்லின்" என்பீர்கள். நானும் விட்டுவிடுவேன். அதற்குப் பயந்துதான் எழுதுகிறேன்.

அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்துவிடுகிறார். ராயகிரித் தோட்டத்தில் அன்று யானையைக் கண்டு ஓடி, வாய்க்காலில் விழுந்து இடுப்பு ஒடிந்தவர் இவ்வளவு சீக்கிரம் நடப்பார் என்று டாக்டரே நினைக்கவில்லை. யானையைப் பிடித்து உங்கள் முகாமுக்குக் கொண்டுபோன நாளிலிருந்து சோறும் நன்றாக இறங்குகிறது. காலையில் எழுந்ததும் "அந்தச் செவிட்டுப் பய இனி வரமாட்டாம்லா மக்கா?" என்று கேட்பார். வராதுப்பா என்பேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "அதுக்குக் காது கேக்காதுன்னு கண்டுபிடிச்சதே எம் மவதாம்வே" என்று பெருமையடிக்கிறார். எனக்கு அங்கே நிற்க முடிவதில்லை. அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

அத்தான், எல்லாரும் யானையைப் பிடி பிடி என்று குதித்தபோது யானை டாக்டரான நீங்கள் ஒருவர்தான் குறுக்கே நின்றீர்கள். வெடி போட்டும் நகராமல் நிற்கிறதே, காது கேட்கிறதா என்று முதலில் பார்ப்போம், கேட்டால் காட்டிலேயே இருக்கட்டும், கேட்காவிட்டால் சத்தம் போட்டு விரட்ட வழியில்லை, பிடிக்க நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றீர்கள். டெஸ்ட் எடுக்க வெளியே ஆள் தேட வேண்டாம், காது பார்க்கிறவள் என் வீட்டிலேயே இருக்கிறாள் என்று வன அதிகாரியிடம் சொன்னீர்களாம். அந்தச் சொல்தான் என்னை இப்போது போட்டு அறுக்கிறது.

மயக்க ஊசியில் அது நின்றபடியே உறங்கியது. பச்சைப் பிள்ளைகளுக்கு வைக்கிற என் மெஷினைத்தான் கொண்டுவந்தேன். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மெல்லிய ஊசிகளைக் குத்தி வயரை மாட்டினேன். காதுக்குழாய் அதன் துவாரத்தில் நிற்கவே இல்லை, பஞ்சைச் சுற்றிச் சுற்றி அடைத்தேன். நீங்கள் அதன் தும்பிக்கையைப் பிடித்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். திரையில் கோடு படுத்தே கிடந்தது. கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

படுத்தே கிடந்தது என்பது பொய். கடைசியில், திரை முடிகிற ஓரத்தில், கோடு மேலே ஏறப் பார்த்தது. அந்த மெஷின் சத்தம் கொடுத்த பிறகு துளி நேரம்தான் காத்திருக்கும். பிள்ளைகளின் மூளை அதற்குள் பதில் சொல்லிவிடும். ஆனால் யானையின் தலை எவ்வளவு பெரியது! காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச் சேர வேண்டாமா? பதில் பிந்தித்தான் வரும். நேரத்தை நீட்டி வைத்து இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். கை பட்டால் போதும், நீட்டியிருக்கலாம். எனக்கு அது தெரியாமல் இல்லை, அத்தான். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா வலியில் கத்தியதுதான் கண் முன்னால் நின்றது. இது தொலையட்டும் என்று நினைத்தேன். மெஷினை அணைத்துவிட்டேன்.

போன வாரம் கடையநல்லூரிலிருந்து மிஸ்ரியா என்று ஒரு பெண், பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்கும் கோடு வரவில்லை. அவள் அழத் தொடங்கவும், ஒரே டெஸ்டில் நாங்கள் எந்தப் பிள்ளையையும் செவிடு என்று சொல்வதில்லை, மறுபடி பார்த்துத்தான் சொல்லுவோம் என்று தேற்றி அனுப்பினேன். எல்லாத் தாய்மாரிடமும் சொல்கிறதுதான். அன்று சொல்லும்போது யானையின் நினைப்பு வந்தது. நேற்று அவள் மறுபடி வந்தாள். பிள்ளைக்கு நன்றாகக் கேட்கிறது. "அல்லா ஒங்கள நல்லா வைக்கணும் மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை உருவிக்கொள்ளத்தான் தோன்றியது.

வெடிக்கு ஏன் நகரவில்லை என்கிறீர்களா? வெறும் சத்தம்தான், தன்னை ஒன்றும் செய்யாது என்று அது பழகிப்போயிருக்கலாமே. நம் ரெனி நான் போடுகிற சத்தத்துக்கு அசைகிறாளா என்ன?

மறுபடி மயக்க ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து ஆகலாம் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஊசி இல்லாமல் பார்க்க வழி இருந்தால் சொல்லுங்கள், அடுத்த பஸ்ஸில் வருகிறேன். அதிகாரிக்கும் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்தும் அதில் இருப்பதால் முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று இதை முந்தி அனுப்புகிறேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் அதை அனுப்புவேன். என் காது டெஸ்ட் சென்டருக்கு ஆள் வராமல் போனாலும் போகட்டும். யானை மறுபடி காட்டுக்குப் போனால் அப்பா ராயகிரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். அவரிடம் எந்த வாயால் சொல்லப்போகிறேனோ தெரியவில்லை.

மற்ற யானைகளிடம் பாகர்கள் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், காது கேட்காது என்பதால் இதனிடம் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை, எல்லாம் குச்சிதான் என்று நேற்று போகிற போக்கில் சொன்னீர்கள். இரவெல்லாம் அதே நினைப்புதான் எனக்கு. அத்தான், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், குச்சியை வாங்கி வையுங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் போய் அதனிடம் நாலு வார்த்தை பேசுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டால் என்னைத் திட்டிக்கொண்டாவது நில்லுங்கள். அதற்குக் கேட்கும்.

கர்த்தர் உங்களையும் அதையும் காப்பாராக.

உங்கள்,
பெர்லின்