காப்பு அவிழும்வரை காத்திருந்த கணுக்கால்

இன்று காலை உன் மகள் வந்திருந்தாள். மாடியில் இருந்த என்னை வாசலில் நின்றே கூப்பிட்டாள். "மாமா, இறங்கி வாரீகளா? நான் ஏறி இறங்குறதுக்குள்ள பஸ்ஸு தேவகோட்டை போய்ச் சேந்துரும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வீட்டை ஒழிக்கும்போது கிடைத்ததாம், பதின்மூன்று வயதில் அவளுக்கு எடுத்த எக்ஸ்ரே படம். என் கையில் கொடுத்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கணுக்காலில் மயிரிழை போல ஒரு கோடு. அதைப் பார்த்துத்தானே நீ, "சுளுக்குக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்றாய்.

கோ-கோ ஆட்டத்தில் கால் பிரண்டு விழுந்த பிள்ளை. காரைக்குடி டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். அந்த வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் மூடாமல் இருக்கும். மூடாத பக்கத்துத் துண்டு பெயர்ந்திருக்கிறது. எவ்வளவு விலகியிருக்கிறது என்பது சி.டி. ஸ்கேனில்தான் சரியாகத் தெரியும்; நாளைக்கே மதுரைக்குப் போங்கள், தேவையானால் அங்கேயே ஆபரேஷன். வெளியே வந்ததும் வாத்தியார் புத்தியில் உனக்கு உதாரணமும் சொன்னேன்.

"எக்ஸ்ரேங்கிறது தெருவுல நின்னு வீட்டு முகப்பப் பாக்குற மாதிரிடா. உள்ள ரெண்டாங்கட்டுல சுவரு விழுந்து கெடந்தா தெரியுமா?"

நீ மணிக்கட்டை நீட்டினாய். மஞ்சள் கயிறு. உங்கள் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அவிழ்க்கும்வரை கட்டியவன் வெளியூரில் ராத்தங்கக் கூடாது.

"நீ இருடா, நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கு ஏது காப்பு?"

"பெத்தவன் நான் இங்குட்டு இருக்க, பிள்ளைய நீ ஆஸ்பத்திரியில வச்சிருந்தா ஊரு என்னையத் தூத்தாதா? திருவிழா முடியட்டும்."

முடிந்தது. அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனில், துண்டு விலகிய இடத்திலேயே ஒட்டத் தொடங்கியிருந்தது. ஆபரேஷனில் பிரித்தெடுத்துச் சேர்த்தும் மூட்டு பழைய வழவழப்புக்கு வரவில்லை. முப்பது வயதுக்குள் தேய்ந்துவிட்டது என்கிறார் இப்போது பார்க்கும் டாக்டர்.

ஊர் உன்னைத் தூற்றவே இல்லை. உன் சாவுக்கு வந்தவர்கள், "காப்புத் தவறாத மனுசன்" என்று பேசிக்கொண்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் மகளின் காலை யாரும் பார்க்கவில்லை.

புறப்படும்போது சொன்னாள்: "இதப் பாத்துட்டு அப்பாவ வையாதீக மாமா. படத்தத் தூக்கிப் போட்டுருங்க."

தலையாட்டினேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, பக்கவாட்டாக அவள் வாசலை விட்டு இறங்கியதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

படத்தைத் தூக்கிப் போடவில்லை. உன் மேல் உள்ள கோபத்தையும்தான்.