பையில் போகும் செருப்பு

உ
முருகன் துணை

ஏப்ரல் 28, திங்கள். சித்திரை 15

காலை எட்டு மணிக்கே அனல். குழாயில் தண்ணீர் வந்து இன்றோடு பதினோரு நாள். டாக்டரம்மா ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொன்னார். தினம் எத்தனை நிமிடம் நடந்தேன், என்ன சாப்பிட்டேன், காலில் புண் உண்டா. அதற்கு வாங்கிய நோட்டுதான் இது. முதல் பக்கமே அவருக்குக் காட்ட முடியாதபடி ஆகிவிட்டது. அவருக்கு வேறு நோட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சர்க்கரை மாத்திரை எழுதி வாங்கப் போனேன். காலைக் காட்டச் சொன்னார்.

"கண்ண மூடிக்கங்கம்மா. நான் தொடுறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். எப்போது ஆரம்பிப்பார், எப்போது ஆரம்பிப்பார் என்று. வாயை மூடி நான் அவ்வளவு நேரம் இருந்ததே பெரிசு.

"கண்ணத் தொறங்க. பத்து எடத்துல தொட்டாச்சு. ஒண்ணுக்குக்கூட நீங்க சொல்லல."

பிறகு இடது சுண்டுவிரலுக்குக் கீழே இடுக்கியை விட்டு எதையோ எடுத்துப் பஞ்சில் வைத்தார். கருவேல முள். எத்தனை நாளாக அதன் மேல் நடந்தேனோ தெரியாது.

"செருப்பு போடுறதே இல்லையா?"

"வார் அந்துபோச்சு டாக்டரம்மா."

ஆறு மாதமாக எல்லாரிடமும் இதைத்தான் சொல்லிவருகிறேன். வார் அறவில்லை. ரப்பர் செருப்பு பரண் மேல் நன்றாகவே இருக்கிறது.

"இனி வெறுங்கால்ல ஒரு அடி வைக்கக் கூடாது. இந்த விரல எடுக்குற மாதிரி ஆகும். விரலோட நின்னா உங்க அதிர்ஷ்டம்."

பங்குனி உத்திரத்தன்று உச்சி வெயிலில் பிரகாரத்துக் கல் கொதித்தது. எல்லாரும் குதித்துக் குதித்து ஓடினார்கள். நான் மட்டும் நிதானமாக மூன்று சுற்று. ஒரு பெண் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "இந்தம்மாவச் சாமியே தாங்குது" என்றாள். அதைப் பத்து வீட்டில் சொல்லியிருப்பேன். எனக்குச் சுடவே இல்லை, அவன் கருணை, அவன் கருணை என்று.

நரம்பு செத்துவிட்டதாம். அதனால் சுடவில்லையாம்.

முருகா, அப்போது அது நீ இல்லையா?

ஏப்ரல் 29, செவ்வாய்

வெயில். இட்லி இரண்டு. தூக்கம் இல்லை.

இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். யாருக்கும் தெரியாது. கார்த்திகையில் செல்வி போன் செய்து, "அத்தை, நாள் தள்ளிப்போயிருக்கு" என்று சொன்ன அன்றே பழனி இருக்கிற திசை பார்த்து நின்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிழைத்து என் கைக்கு வருகிறவரை என் காலில் செருப்பு ஏறாது. தைப்பூசத்துக்கும் அப்படியே நடந்தே போய்வந்தேன்.

செல்வி என் தம்பி மகள். தாய் இல்லாதவள். எட்டு வயதிலிருந்து என்னிடம்தான். கட்டிக்கொடுத்தது ஒட்டன்சத்திரத்தில். முதல் பிள்ளை நாலு மாதத்தில் போயிற்று. அடுத்தது ஆறில். இது மூன்றாவது. ஏழு முடிந்துவிட்டது, ஆனி கடைசியில் நாள்.

வளைகாப்பில் சம்பந்தி அம்மா நல்ல விதமாகத்தான் சொன்னார்: "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க அந்தப் பக்கமா உக்காருங்க." தாலி இல்லாதவள் வளையல் போடக் கூடாது. உட்கார்ந்தேன். எட்டு வயதிலிருந்து தலை பின்னிவிட்ட கை, ஒரு வளையல் போடத் தகுதியில்லை. அன்று நினைத்தேன், கைதானே வேண்டாம் என்றீர்கள், கால் என்னுடையது, அதை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று.

இப்போது அந்தக் காலைத்தான் டாக்டரம்மா கேட்கிறார்.

செல்வி இரண்டு வாரமாக இங்கேதான் இருக்கிறாள். பாதியைச் சொன்னேன்: முள், கட்டு, செருப்பு போட்டு நடக்க வேண்டும். நேர்த்தியைச் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் அதைச் சொல்லலாமா? அவள் உடனே குதிக்கிறாள், நாளைக்கே கடை. "அழகா ஒண்ணு எடுப்போம் அத்தை. அந்த ரப்பர் செருப்பெல்லாம் இனி வேணாம்."

ஏப்ரல் 30, புதன்

சாயந்திரம் ஐந்தரைக்குக் கடை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம். சாயந்திரம்தான் கால் வீங்கியிருக்கும், அப்போதுதான் சரியான அளவு தெரியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன்:

விரல் இடுக்கில் வார் கூடாது
பின்னால் வார் வேண்டும்
உள்ளே தையல், ஆணி உறுத்தக் கூடாது. கையை விட்டுத் தடவிப் பார்க்க
அடி மெத்தென்று, ஆனால் புதையக் கூடாது
விரல் முன்னால் முட்டக் கூடாது
(செ. எழுதியது) அழகாக இருக்க வேண்டும்!!

கடைக்காரர் என் வயதுக்காரர். வாய் ஓயாத மனிதர். என்னையே மிஞ்சினார். முதலில் கறுப்பாக, தடியாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

"சக்கரைக்காரங்களுக்குன்னே வந்தது. போட்டா கழட்ட மாட்டீங்க."

"ஏங்க, டிராக்டர் டயர வெட்டி வச்ச மாதிரி இருக்கு. எங்க அத்தை காலு என்ன வயக்காட்டுக்கா போகுது?" என்றாள் செல்வி.

"தாயி, மெத்துன்னு வேணும்ங்கிறீங்க, ஸ்டைலாவும் வேணும்ங்கிறீங்க. ரெண்டும் ஒண்ணா நான் எம் பொண்டாட்டிகிட்டயே பாக்கல."

கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டில் சிரித்து எத்தனை நாள்.

ஒன்பது ஜோடி பார்த்தோம். ஒன்று குதிகால் உயரம். ஒன்று உள்ளே தையல். ஒன்று விரல் முட்டியது, அதுவும் செ. கையை விட்டுப் பார்த்துத்தான் சொன்னாள், எனக்குத் தெரியவில்லை. பத்தாவது ஜோடி மெரூன். அகலமாக இரண்டு வார், ஓரத்தில் செம்பு நிறத்தில் சின்னதாக ஒரு பூ, பின்னால் வார், பக்கிள். அடி மெத்தென்று இருந்தது. செல்வி தரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்து, தானே மாட்டிவிட்டாள். வயிறு இடித்தது.

நடந்து பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடியில் கால் தெரிந்தது. என் கால்தானா?

ஐம்பத்து நாலு வயதில், புருஷன் இல்லாதவளுக்கு இப்படி ஆசை வரலாமா? வந்தது. நேர்த்தியை நினைத்து முதலில் பதறவில்லை, அது கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. அதுதான் என்னை இப்போது கொல்கிறது. கடைக்குள் போட்டது சேருமா சேராதா? ஏழெட்டு அடி இருக்கும்.

மே 2, வெள்ளி

அஞ்சே முக்காலுக்கு நடை. பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி துணைக்கு. செல்வி வாசலில் நின்று பார்க்கிறாளே, செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். நாலு அடி. பக்கத்துச் சந்தில் திரும்பியதும் கழற்றி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டேன். காலில் கட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை கட்டினேன். மேரிக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் எப்படிக் கழற்றுவது?

"ஏக்கா, செருப்பு வாங்கி அதத் தூக்கிட்டு வாக்கிங் கூட்டிட்டுப் போற ஒரே ஆளு நீதேன்."

"சத்தமாப் பேசாத."

"ஒங்க முருகன் காலக் கேட்டாராக்கா?"

"நாந்தேன் குடுத்தேன்."

"அப்ப நீதேன் திரும்ப வாங்கணும். எங்க சாமியா இருந்தா நான் சண்டையே போட்டுருவேன்."

மலைக்கோட்டை அடிவாரம் வரை போய் வந்தோம். முப்பத்தைந்து நிமிடம். திரும்பி வரும்போது அதே சந்தில் மறுபடி மாட்டிக்கொண்டேன். அந்த நாலு அடியும் சேர்த்து எட்டு. ஒவ்வொரு அடிக்கும் தப்பு தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து படத்துக்கு முன்னால் வைத்தேன்.

பிளாஸ்டிக் பை கிழிந்திருந்தது. கட்டு ஈரம்.

மே 5, திங்கள்

அக்கினி நேற்றே பிறந்துவிட்டது. மதியம் தெருவில் காக்காய்கூட இல்லை.

புண் ஆறவில்லை. வாசம் அடிக்கிறது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைக்கலாமா என்று கேட்டேன், செல்வி அம்மியைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

இனி எனக்கு முடியவில்லை. அவனையே கேட்டுவிடலாம் என்று தெருக்கோடி முருகன் கோயிலில் பூப்போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் செருப்பு போடலாம். சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

செவ்வரளி.

"இன்னொரு தடவ போடுங்க சாமி."

"ஒரு தடவதாம்மா கேக்கணும். வார்த்த மாத்தச் சொல்லக் கூடாது."

"நான் சரியா நெனச்சுக்கல. மனசு எங்கயோ இருந்துச்சு. போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். பொட்டலத்தை வாங்கினேன். பிரிக்கக் கை வரவில்லை. மறுபடி சிவப்பு என்றால் விரல் போகும். வெள்ளை என்றால் அவன் எனக்குப் பயந்து வார்த்தை மாற்றினான் என்றாகும், அந்த வார்த்தையை நம்பி அவள் பிள்ளையை எப்படி விடுவது? இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

"என்னம்மா, பாக்கலையா?"

"வீட்ல போய்ப் பாத்துக்கிறேன் சாமி."

பார்க்கவில்லை. இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

மே 9, வெள்ளி

செ. இரண்டு முறை வாந்தி. மாப்பிள்ளை போன். மோர், கீரை. நடை முப்பது நிமிடம் (பையில்).

சாயந்திரம் செல்வி செருப்பைத் துடைக்கக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை, ஒரு வாரமா நடக்குறீங்க. அடியில கடை ஸ்டிக்கரே போகலையே?"

"மெதுவா நடக்குறேன்ல."

"பறந்தா போறீங்க?"

அவளாகவே சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வியர்த்துவிட்டது.

மே 10, சனி

மாட்டிக்கொண்டேன்.

செல்வி தூங்கட்டும் என்று காத்திருந்து மதியம் பின்பக்கம் துவைக்கிற கல்லில் செருப்பின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்ந்த மாதிரி தெரியட்டும் என்று. ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, மண் போட்டு, தண்ணீர் விட்டு. குதிகால் பக்கம் அதிகம், முன்பக்கம் கொஞ்சம், நடந்தால் எப்படித் தேயுமோ அப்படி. செம்புப் பூவில் மண் படாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு. பின்னாலேயே நிற்கிறாள்.

"என்ன அத்தை பண்றீங்க?"

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கார்த்திகை, பழனி, வளையல், அரளிப் பூ, எல்லாம்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எம் பிள்ளைக்கு உங்க கால அடமானம் வைக்கச் சொல்லி நான் கேட்டனா?"

"அப்படிச் சொல்லாத தாயி. நல்ல நேரத்துல..."

"ரெண்டு போச்சே, அப்பவும் ஏதாச்சும் நேந்திருந்தீங்கள்ல? நெசத்தச் சொல்லுங்க."

நேர்ந்திருந்தேன். முதல் தடவை ஒரு நேரச் சாப்பாடு. இரண்டாவது தடவை மண் சோறு. சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்துவிட்டது.

"பிள்ள வந்ததும் தூக்கிட்டு நடக்க ஆள் வேணும் அத்தை. எனக்கு அம்மா இல்ல. நீங்களும் கட்டைய ஊனிட்டு ஒக்காந்தீங்கன்னா நான் யாருகிட்ட குடுப்பேன்?"

செருப்பைத் தலைப்பால் துடைத்தேன், போடவில்லை, மஞ்சப்பைக்குள் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க போட வேணாம். நானும் போடல."

ராத்திரி சாப்பாடு இல்லை, இரண்டு பேருக்கும்.

மே 11, ஞாயிறு

நடை இல்லை. பேச்சு இல்லை. மேரி பூசைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, வீட்ல ரேடியோ ஓடலையே?" என்றாள். ரேடியோ நான்தான்.

சுண்டுவிரல் நுனி கறுத்திருக்கிறது. அழுக்கா என்று தேய்த்துப் பார்த்தேன். அழுக்கு இல்லை.

மே 12, திங்கள். சித்திரை 29

செல்விக்கு ஆஸ்பத்திரி நாள். பதினோரு மணி வெயில். ஆட்டோ ஸ்டாண்டு தெருமுனையில்.

சொன்னபடியே வெறுங்காலோடு இறங்கிவிட்டாள். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். தார் உருகி மினுமினு என்று கிடக்கிறது. பத்தடி வைத்திருப்பாள், ஒரு காலைத் தூக்கி மறு காலை ஊன்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி. ஓட முடியாது. நிற்கவும் முடியாது. நான் பக்கத்தில் சும்மா நடக்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை. அதே தார்.

"சுடுதா தாயி?"

"உங்களுக்குத் தெரியாது அத்தை. எனக்குச் சுடுது."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கண்ணில் தண்ணீர். கால் இடறிற்று, என் தோளைப் பிடித்தாள். விழுந்திருந்தால்! முருகா, விழுந்திருந்தால் யாருடைய நேர்த்தி அவளைப் பிடித்திருக்கும்?

மூடிக்கிடந்த டெய்லர் கடைப் படியில் நிழல். அங்கே இழுத்து உட்காரவைத்தேன். கையோடு கொண்டுவந்த மஞ்சப்பையிலிருந்து மெரூனை எடுத்து அவள் காலில் மாட்டப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"அது உங்களது. என்னுது இந்தப் பையிலதேன் இருக்கு, அடியில பாருங்க. நீங்க போட்டா நான் போடுவேன்."

பார்த்தேன். என் செருப்புக்குக் கீழே அவள் செருப்பு. எப்போது வைத்தாளோ. என்னிடமே கற்றுக்கொண்டது.

தெருவில் ஆளில்லை. படியில் உட்கார்ந்தேன். வலது கால். இடது கால், கட்டுக்கு மேல். பக்கிளை மாட்டினேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் தன்னுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டாள். உள்ளங்கால் இரண்டும் சிவந்துகிடந்தது.

பிள்ளைக்கு நாடி நன்றாக இருக்கிறது. கேட்கச் சொல்லி என் காதிலும் வைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி.

நாளைக்கு என் டாக்டரம்மா. விரலைப் பற்றி நாளைக்குத் தெரியும். பொட்டலம் காய்ந்து தட்டையாகிவிட்டது, உள்ளே என்ன நிறமோ, இனி பிரிப்பதாக இல்லை.

ஆனி வரைக்கும் இன்னும் எத்தனை அடி வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் உனக்குத் தெரியும். தண்டனை இருந்தால் காலோடு நிறுத்திக்கொள், வயிற்றுப் பக்கம் போகாதே. இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு பார்த்துவிட்டுக் கோபப்படாதே. ஆட்டோவிலிருந்து வீடு வரை குனிந்து அந்தச் செம்புப் பூவையும் என் காலையுமே பார்த்துக்கொண்டு வந்தேன்.