ஆண்டவர் கோழி

என் பிரியமுள்ள எஸ்தருக்கு,

'கர்த்தருக்குள்' என்று தொடங்கத்தான் நினைத்தேன். நம் வீட்டுக் கடிதமெல்லாம் அப்படித்தானே தொடங்கும்? கை வரவில்லை. இப்போதைக்கு உன் பேரோடு நிறுத்திக்கொள்கிறேன், கோபப்படாதே.

ஆடியில் நீ போனாய். இப்போது கார்த்திகை மழை. நான் அதே பஸ்ஸில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உன்னை அடக்கம் பண்ணின மறு வாரமே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், சீசன் நேரமாம், ஆள் இல்லையாம். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டே ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்களுக்கு மட்டும் எங்கேயிருந்து வருகிறது சிரிப்பு? "என்ன கண்டக்டரே, மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்குது" என்று ஒருத்தர் கேலி பண்ணினார். மீதி நயா பைசாவை அவர் கையில் வைத்துவிட்டு விசில் ஊதினேன்.

வீட்டில் உன் செங்கோழிதான் எனக்குத் தலைவேதனை. வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் அதைக் குஞ்சாகப் பிடித்து, உன் நீலச் சேலைக் கிழிசலைக் காலில் கட்டினாயே. "இது ஆண்டவர் கோழி, அத்தான். எனக்குச் சுகமானா அறுப்பின் பண்டிகைக்குக் கோயில்ல கொண்டு கொடுக்கேன்னு பொருத்தனை பண்ணிருக்கேன்." அன்று நானும் உன் பக்கத்தில் முழங்கால் போட்டேன். நம்பினேன், எஸ்தர். உன்னைவிட அதிகமாக நம்பினேன்.

கஞ்சித் தண்ணியும் உள்ளே இறங்காத நாளில் என் கையைப் பிடித்து என்ன சொன்னாய்? "அத்தான், சுகமானாலும் ஆகாட்டாலும் கோழியைக் கொடுத்துரணும், என்ன?" "ஏட்டி, பேசாமக் கெட" என்று அதட்டிவிட்டேன். ஆகாவிட்டால் எதற்குக் கொடுக்க வேண்டும்? அதை அப்போது உன்னிடம் கேட்கத் தோன்றவில்லை. தோன்றினபோது கேட்க ஆள் இல்லை.

குருவானவர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவர் சொன்ன வசனமெல்லாம் எனக்கும் மனப்பாடம்தான், ஒன்றும் உள்ளே போகவில்லை. கோயிலில் தூண் ஓரமாக உட்கார்ந்து பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பேன். நமக்குப் பிள்ளை குட்டி உண்டா, வீட்டுக்கு வந்தால் ஒரு குரல் கேட்க? கோழிதான் உன் பாயில் ஏறி நிற்கும். விரட்டினாலும் திரும்பி அங்கேதான் வரும். நீ தலை வைத்துப் படுத்த மூலையில்தான் முதல் முட்டை இட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

போன ஞாயிறு பண்டிகை. கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கேட்டது நீயாச்சே. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், காலைக் கட்டி, பூசணிக்காய்க்கும் நெல் மூட்டைக்கும் நடுவில் வைத்தேன். 'இந்தாரும், இதையும் எடுத்துக்கொள்ளும்' என்று மனசுக்குள் சொன்னேன். மரியாதையாகச் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து, வந்த காணிக்கையெல்லாம் வழக்கம்போல வேப்பமரத்தடியில் ஏலத்துக்கு வந்தது. கோயில்பிள்ளை, மணியடிக்கிற அதே கையால், நம் கோழியைத் தூக்கிப் பிடித்தார். சோடாக்கடை தானியேல் அண்ணாச்சி முதல் விலை கேட்டார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு பப்பாளிக்காயைக்கூட அடுத்தவனுக்கு விடமாட்டார். கோழியின் காலில் நீலத் துணி ஆடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு மேலே யாரோ ஒரு விலை கேட்டார்கள். பார்த்தால் நான்தான்.

அதோடு அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். வேறு யாரும் கேட்கவில்லை. எனக்கு அது காதில் ஏறவில்லை. கோழி போய்விடுமோ என்ற பயத்தில் என் விலைக்கு மேலே நானே கேட்டேன். மறுபடியும் ஏற்றிக் கேட்டேன். அத்தனை பேரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சிதான் எழுந்து வந்து, தூக்கின என் கையைப் பிடித்து இறக்கினார்.

"போதும்லே சாலமோன். உன்னை எதுத்து இங்கன யாரும் கேக்கல."

அதற்குப் பிறகு அவர் தோளில் சாய்ந்து நான் அழுத அழுகையை ஊரே பார்த்தது. இது ஆறுதலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீடு அப்படியேதான் கிடக்கிறது. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க இன்னும் அளவு பிடிபடவில்லை. ஆண்டவரிடம் பேச்சுவார்த்தை இல்லை. அன்று அண்ணாச்சி தானாக எழுந்து வந்தாரா, ஆண்டவர் அனுப்பி வந்தாரா? நீ இருந்தால் அவர் அனுப்பினதுதான் என்று என்னோடு சண்டைக்கு நிற்பாய். நிற்க நீ இல்லையே.

கோழி இப்போதும் உன் பாயில்தான் நிற்கிறது. துணியை நான் அவிழ்க்கவில்லை. அடுத்த பண்டிகைக்கும் இதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், ஏலத்தில் நானே எடுத்து வருவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு, எஸ்தர். என் மனசு சுகமானாலும், ஆகாட்டாலும்.

உன் அத்தை மகன்,
இன்னும் உன் புருஷன்,
சாலமோன்