ஒப்பந்தத்தின் பின்பக்கம்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று எடுத்துக்கொள். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, ஷிப்ட் முடிந்ததும் ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், கூட இருந்தா பார்க்கிறேன். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, சலவைக் கடையில் எட்டு மணி நேரம் நின்று இஸ்திரி போட்டுவிட்டு வந்து மாடி ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அப்பா கயிறு சுற்றி வைத்திருக்கிறார், லாரிக்குத்தான் உடனே ரிப்பேர், வீட்டுக்கு எல்லாம் கயிறுதான். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் அப்பா பிடுங்கி ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார், நீயும் சரி சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவாய். மாதக் கடைசியில் அவர் உன்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்கப் போகிறார். அதற்குள் இது உன் கைக்கு வந்து சேரவேண்டும்.

நாலு வருடம் முன்பு அப்பா சம்பள வேலையை விட்டுவிட்டு, கம்பெனியில் லாரியை லீஸுக்கு எடுத்தது உனக்குத் தெரியும். நாலு வருடம் வாரா வாரம் கட்டி, கடைசியில் ஒரு மொத்தத் தொகையும் கொடுத்தால் வண்டி நம் பெயருக்கு வந்துவிடும் என்றார்கள். நீ கவலைப்படக்கூடாது என்று உன்னிடம் சொல்லாத கணக்கை இப்போது சொல்கிறேன். லோடு ஓட்டி நூறு வந்தால் ஐம்பது டீசலுக்கு, முப்பது லீஸுக்கு, இன்ஷூரன்ஸ் சுங்கம் என்று பத்து, ரிப்பேர் நிதி என்று கிலோமீட்டர் கணக்குப் போட்டு ஐந்து, எல்லாம் கம்பெனியே பிடித்துக்கொண்டு மிச்ச ஐந்தைத்தான் கையில் கொடுக்கும். லோடு இல்லாத வாரத்திலும் லீஸ் மட்டும் லீவு எடுக்காது. ஒரு தடவை வாரம் முழுக்க ஓட்டிவிட்டு வந்தவருக்கு, நீதான் எங்களுக்குத் தரவேண்டும் என்று சீட்டு வந்தது. அந்த வாரம் என் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது.

அந்த ரிப்பேர் நிதியைத்தான் நாங்கள் மலைபோல நம்பியிருந்தோம். அதைத் தொடாதீர்கள், சேரட்டும், கடைசித் தொகைக்கு அதுவே கை கொடுக்கும் என்று சொன்னது நான்தான். அதனால் கிளட்ச் போனாலும் பிரேக் தேய்ந்தாலும் கம்பெனி பட்டறைக்குப் போகாமல், அப்பாவின் சிநேகிதர் அந்த மெக்கானிக் மாமாவிடம் கைக்காசு போட்டுச் சரிசெய்தோம். கூலி மிச்சம் என்று அப்பாவே வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார். நிதியில் எவ்வளவு சேர்ந்தது என்று நான் வாரா வாரம் உன் பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் கூட்டிக்கொண்டே வந்தேன். போன வாரம் அப்பா கணக்குப் பிரிவில் போய்க் கேட்டிருக்கிறார். கம்பெனிப் பட்டறையில் செய்த வேலைக்குத்தான் அந்த நிதி, எடுக்காத பணம் கம்பெனிக்குத்தான் சேரும், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு, அங்கே இருந்த பெண், பாவம், இவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாளாம். வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அலமாரியைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், ஆமாம், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நான் படிப்பேன், அவர் கையெழுத்துப் போடுவார், அதுதானே நம் வீட்டு வழக்கம். ரோட்டுப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனிதர் அந்தப் பொடி எழுத்தை என்ன செய்வார். ஒப்பந்தம் போட்ட அன்றைக்கு நான் கடையிலிருந்து வந்த கையோடு முன்பக்கத்தைப் படித்துவிட்டு, போடுங்கள் என்று சொல்லிவிட்டேன், திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தப்புதான் என்று அவரிடம் அழுதேன். அவர் மெதுவாக, "பின்னாடியும் என்னமோ எழுதியிருக்குன்னு அன்னைக்கே பார்த்தேன். நீ நின்னு களைச்சுப்போய் வந்திருந்தே, அதான் கேக்கல" என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மொத்தத் தொகை இல்லையென்றால் பரவாயில்லை, இந்த வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுத்துக்கொள், வார லீஸ் கொஞ்சம் குறைவு, ஆறு வருடம் என்று கம்பெனியில் ஆசை காட்டியிருக்கிறார்கள். நிரந்தர வேலையில் இருக்கிற ஒருவர் ஜாமீன் போடவேண்டுமாம். அதுதான் நீ. இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு புது ஒப்பந்தத்தின் இரண்டு பக்கமும் இரண்டு தரம் படித்துவிட்டேன். என்ன காரணத்தால் அவர் ஓட்டாமல் நின்றாலும் மீதி வாரங்கள் எல்லாம் ஜாமீன் போட்டவர் தலையில்தான். அவருக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. ஸ்டியரிங் பிடித்தால் இடது கை மரத்துப்போகிறது, என்னிடம் சொல்வதில்லை, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திரும்பி நின்றுகொள்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சொந்த வண்டிக்காரர் என்று பேர் எடுத்துவிட்டு மறுபடி சம்பளத்துக்கு ஓட்ட வெட்கமாக இருக்கிறதாம். நாலு வருடம் வீணாய்ப் போனதை ஒத்துக்கொள்ள மனம் வராமல் இன்னும் ஆறு வருடத்தைக் கொடுக்கப் பார்க்கிறார். நீ கையெழுத்துப் போடாதே. உன் சேமிப்பையும் அனுப்பாதே. அம்மா வேண்டாம் என்றாள் என்று சொல், கோபம் என்மேல் இருக்கட்டும். எனக்கு அலுத்துவிட்டது கண்ணே, அந்த நோட்டில் இனி ஒரு வாரத்தைக்கூட என்னால் கூட்ட முடியாது.

இவ்வளவும் நேற்று எழுதியது. மறைத்து அனுப்ப மனம் ஒப்பவில்லை. இன்று காலை அவரை உட்கார வைத்து, இந்தக் கடிதத்தின் இரண்டு பக்கமும் படித்துக் காட்டினேன். இடது கை பற்றி எழுதிய இடம் வந்தபோது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். முடித்ததும் தாளை வாங்கி மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு, "சாவியத் திங்கக்கிழமை குடுத்துடறேன்னு எழுது. அவகிட்ட நான் எதுவும் கேக்கலைன்னும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். இப்போது கீழே இறங்கிப் போய், வாளியும் துணியுமாக லாரியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். கொடுக்கப் போகிற வண்டியை எதற்குக் கழுவுகிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீ நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை போன் செய், முதலில் அப்பாவிடம் கொடுக்கச் சொல், வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்காதே, குழாய் ஒழுகுகிறதாமே என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா