பதினெட்டுக்கு முன்னால் ஒரு கோடு

பிப்ரவரி 9

காலையில் ஆறு கன்டெய்னர், மாலையில் நான்கு. எல்லாம் உறைய வைத்த இறால்.

தங்கை வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு பன்னிரண்டு நாள். நான் சொல்லித்தான் எடுத்தார்கள். முன்பு வாழைப்பழம் அனுப்பும் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். கதவுக்கு சீல் வைத்த கன்டெய்னர் துறைமுக யார்டுக்கு வந்ததும் அதன் குளிர் மிஷினுக்கு பிளக் போடுவது, நான் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து வெப்பநிலையை வைப்பது, அதையே கப்பலுக்குப் பட்டியலாக எழுதிக் கொடுப்பது அவர் வேலை. கை சுத்தமான ஆள், கை வேலையும் சுத்தம்.

ஒரே ஒரு தொல்லை. சீட்டை நீட்டியதும் கேட்பார்: "பிளஸ்ஸா மைனஸா மச்சான்?"

இந்த இடத்தில் இருபத்திரண்டு வருஷமாக நான் மைனஸ் என்று சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. யாருமே இல்லை. பதினெட்டு என்றால் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. இறாலை வேறு எப்படி அனுப்புவது?

ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் இன்று விடவில்லை. "மாப்பிள்ளை சார், கடல் தண்ணி உப்பா இனிப்பான்னும் ஒரு வார்த்தை கேட்டு வெச்சுக்குங்க." சுமை ஏற்றுகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

பிப்ரவரி 12

பெயர் வைத்துவிட்டார்கள். பிளஸ்ஸு. இன்று வாய் தவறி நானும் அப்படிக் கூப்பிட்டேன். வாய் தவறித்தானா?

பிப்ரவரி 20

தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவரை எல்லாரும் கிண்டல் பண்றாங்களாமே. அவங்க பண்ணட்டும். நீயுமா?"

"கேக்கற கேள்வி அப்படி இருக்கு."

"பழைய கம்பெனில யாரோ பிளஸ் பதிமூணுக்கு மைனஸ் பதிமூணு வெச்சு அத்தனை வாழைப்பழமும் கல்லாப் போச்சாம். அதுலேர்ந்து கேக்காம கை வைக்கமாட்டேங்கறாரு. நல்லதுக்குத்தானே கேக்கறாரு?"

எனக்குக் கோபம் அவள் மேல் இல்லை. மத்தியானம் மாப்பிள்ளை மானேஜர் எதிரிலேயே மறுபடி கேட்டார். மானேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். 'இந்த ஆளையா கொண்டுவந்து சேர்த்தே' என்கிற சிரிப்பு. மானேஜர் போனதும் மாப்பிள்ளையைக் கன்டெய்னருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். "இன்னொரு தடவ இந்தக் கேள்விய கேட்டீங்கன்னா வேற எடம் பாத்துக்குங்க. என் மானம் போகுது."

கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே "சரி மச்சான்" என்றார்.

பிப்ரவரி 21

கேட்கவில்லை. நிம்மதி.

மார்ச் 3

புது வாடிக்கை. இறால் தவிர இனி சாக்லேட்டும் நம் யார்டிலிருந்து போகும். அதற்குப் பிளஸ் பதினெட்டு. முதல் இரண்டு பெட்டிகளையும் மானேஜரே நின்று வைக்கச் சொன்னார். ஒரே வரிசையில் இறாலும் சாக்லேட்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் வெள்ளைப் பெட்டிதான்.

மார்ச் 10

பன்னிரண்டு பெட்டி, ஒரே கப்பல்; இறால் லாரியும் சாக்லேட் லாரியும் கலந்து வந்தன. எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. சாக்லேட் லாரிகளுக்கு நடுவே வந்த நான்காவது பெட்டிக்குச் சீட்டை நீட்டியபோது மாப்பிள்ளை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மச்சான்."

ஏப்ரல் 14

வாங்குகிறவரிடமிருந்து படங்கள் வந்திருக்கின்றன. கதவைத் திறந்த இரண்டு பேரும் அங்கேயே வாந்தி எடுத்திருக்கிறார்கள். அட்டைப் பெட்டிகள் கறுத்துச் சரிந்து, தரையெல்லாம் ஏதோ ஒழுகி — இருபத்தைந்து டன் இறால். கப்பலில் குறை இல்லை. முப்பத்தோரு நாளும் ஒரு டிகிரி பிசகாமல் வைத்திருந்தார்கள். பிளஸ் பதினெட்டில்.

சீட்டைக் கொண்டுவரச் சொல்லி மானேஜர் ஆள் அனுப்பினார். ஆபீஸ் பிரதி வெள்ளை, அடியில் கார்பன் வைத்த மஞ்சள் பிரதி மெக்கானிக்குக்கு. வெள்ளைக் கட்டைப் புரட்டினேன். மார்ச் 10, நான்காவது சீட்டு. கன்டெய்னர் எண், அடுத்த கட்டத்தில் 18. என்ன சரக்கு என்று எழுத அதில் கட்டமே கிடையாது.

மற்ற சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எப்போதும் அப்படித்தான். எப்பவும் அப்படித்தானேடா எழுதறேன்! அந்தாளுக்குத் தெரியாதா?

தெரியாமல்தான் கேட்டார். கேட்காதே என்றது நான்.

பேனா சட்டைப் பையில் இருந்தது. அதே பேனா, அதே மை. சின்னக் கோடு — அரிசி நீளம்கூட இல்லை. அந்த ஒரு சீட்டோடு முடியவில்லை. மற்ற பதினொன்றையும் யாராவது புரட்டிப் பார்த்தால்? சாக்லேட்டை விட்டுவிட்டு மீதிக்கும் கோடு போட்டேன். எல்லாக் கோடும் ஒரே நீளம். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 15

மானேஜர் அறை. நாங்கள் மூன்று பேர்.

"மைனஸ்னு இவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

மாப்பிள்ளை வெள்ளைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னை ஒரு தரம்.

"உங்க மஞ்சள் காப்பி எங்க?"

"இல்ல சார்."

"சந்தேகம்னா கேட்டிருக்கலாமே? நாள் பூரா அதைத்தானே கேட்டுக்கிட்டு இருப்பீங்க?"

"கேட்டிருக்கணும் சார். கேக்காம விட்டது என் தப்புதான்."

"ஏன் கேக்கல?"

மாப்பிள்ளை சீட்டைத் திருப்பி நீட்டினார். மேசைமேல் கண்ணாடிக் குண்டு ஒன்று காகிதத்துக்குப் பாரமாக இருந்தது. உள்ளே சின்ன மீன். நான் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வாசலில் டிரைவர்: "பாத்தீங்களா, கேட்டப்பல்லாம் ஒண்ணும் ஆகல. ஒரு நாள் கேக்காம விட்டாரு, பிளஸ்ஸு மைனஸாயிட்டாரு." எல்லாரும் சிரித்தார்கள்.

ஏப்ரல் 29

வாழைப்பழக் கம்பெனியிலிருந்து போன். மாப்பிள்ளை அங்கே மறுபடி வேலை கேட்டிருக்கிறார். என் பெயரைக் கொடுத்திருக்கிறார். என் பெயரை!

"இங்க இருந்தப்ப ரொம்ப நிதானமான ஆளு சார். அங்க என்ன ஆச்சு?"

நிதானமான ஆள்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் நிதானம் என்றால் தவறு யாருடையது என்று அடுத்த கேள்வி வரும்.

"கொஞ்சம் கவனம் பத்தாது" என்றேன். குடும்பத்து ஆளே சொல்லும்போது யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

மே 6

தங்கை போனை எடுப்பதில்லை.

மே 30

டிரைவர் சொன்னார்: "பிளஸ்ஸ பாத்தேன் சார். மீன் சந்தையில ஐஸ் ஒடைக்கிறாரு. எத்தனை டிகிரின்னு கேட்டேன். சிரிச்சாரு பாவம்." வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லவில்லை.

ஜூன் 8

புதுச் சீட்டு அச்சாகி வந்தது. என்ன சரக்கு என்று எழுத ஒரு கட்டம். வெப்பநிலைக் கட்டத்தில் பிளஸ், மைனஸ் இரண்டும் அச்சில்; ஒன்றை வட்டமிட வேண்டும். யோசனை என்னுடையது என்று மானேஜர் கூட்டத்தில் சொன்னார். கை தட்டினார்கள்.

ஜூன் 21

தங்கை வந்தாள். உட்காரவில்லை. மனைவி தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை. பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மஞ்சள். பதினெட்டு. முன்னால் எதுவும் இல்லை.

"அவரோட பழைய யார்டு சட்டையத் துவைக்கறப்ப கெடச்சுது. அன்னிக்கு மானேஜர் ரூம்லயும் இது அவர் பையிலதான் இருந்திச்சாம்."

"அப்ப ஏன் காட்டல?" என் குரல்தான் அது.

"அதையேதான் நானும் கேட்டேன். 'உங்க அண்ணனே சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டு நின்னேன்'னாரு."

கதவருகே போய்த் திரும்பினாள். "இதை நீயே வெச்சுக்கண்ணா. எங்க வீட்டுல வேண்டாம்."

ஜூன் 22

காகிதத்தைக் கிழிக்கவில்லை. இந்த நோட்டில்தான் இருக்கிறது.

ஜூலை 2

புது மெக்கானிக் சேர்ந்து மூன்று வாரம். இன்று ஒரு சீட்டை நீட்டினேன். அவசரத்தில் வட்டமிட மறந்திருக்கிறேன். சரக்குக் கட்டமும் காலி. அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேளுங்க" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார்."

"பரவால்ல, கேளுங்க."

"இல்ல சார். நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்."

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு யார்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.