கொல்லையில் கவிழ்த்த டம்ளர்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

எச்.ஐ.வி. மாத்திரை வேலை செய்கிறது. ரத்தத்தில் கிருமி தென்படவே இல்லை. அது அழித்த சிடி4 என்ற எதிர்ப்புசக்தி அணுக்கள் மறுபடி ஏறிவிட்டன. அதோடு சண்டை போட வந்த சிடி8 அணுக்கள் மட்டும் குறையாததால் இரண்டுக்கும் உள்ள விகிதம் சரியாகவில்லை. "எதிரி அடங்கியாச்சு, காவல்காரங்கதான் இன்னும் கம்பைக் கீழே வைக்கல" என்று டாக்டர் தீதி, அதாவது டாக்டர் அக்கா, சிரித்தார். எனக்கு நம் வீடுதான் ஞாபகம் வந்தது.

தம்பி கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்றாய், சரி. போன தடவை எனக்கென்று கொல்லையில் தனியாகக் கவிழ்த்து வைத்தாயே, அந்த எவர்சில்வர் டம்ளரை இங்கே வரும் முத்தையா மாமாவிடம் கொடுத்தனுப்பு. இங்கே டாக்குரியாவில் என் அறையில் இருக்கும் மௌஷுமிக்கு எல்லாம் தெரியும். இருக்கிற ஒரே டம்ளரில்தான் இருவரும் டீ குடிக்கிறோம். இனி நீ ஒதுக்கி வைத்த அந்த டம்ளரிலும் அவள் குடிப்பாள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

பூர்ணிமா