ஒன்பது நிமிடம் மிச்சம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும், பாப்பாவுக்குச் சளி விட்டதா, வெளியே தூக்கிக்கொண்டு போகும்போது காதை மூடுங்கள். நாங்கள் இன்னும் வீடு திரும்பவில்லை, உன் சித்தி வீட்டில்தான் இருக்கிறோம், இரண்டு நாள் என்று வந்தது பத்து நாளாகிவிட்டது, சித்தப்பா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் நம் காரை எப்போது சர்வீஸுக்கு விட வேண்டும் என்று நேற்று மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டார். உறைக்குள் இன்னொரு காகிதமும் நான்கு போட்டோவும் இருக்கும், அவை உன் மேலதிகாரிக்கு. இது உனக்கு மட்டும், தனியாக உட்கார்ந்து படி.

நீ சோதித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிய உங்கள் கம்பெனி ஜி.பி.எஸ்ஸைக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிக்கொண்டுதான் கிளம்பினோம். முப்பத்தொரு வருஷம் பெட்ரோல் டேங்கர் ஓட்டியவனுக்கு வழி சொல்ல ஒரு பெட்டியா என்று எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பெண் குரல் பதறாமல் சொன்னது பிடித்துப்போயிற்று. அம்மாவுக்குத்தான் ஆற்றாமை, நான் சொன்னா என்னைக்காவது திரும்பியிருக்கீங்களா, அவ சொன்னதும் உடனே இண்டிகேட்டர் போடறீங்க என்றாள். நீ கேட்டபடி தப்பையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள், இடம் மாறிப்போன தபால் நிலையம், ஒருவழித் தெருவில் ஒரு தடுமாற்றம், அவ்வளவுதான். பாதி தூரம் தாண்டியதும் பெரிய ரோட்டை விட்டு இடப்பக்கம் திரும்பச் சொன்னது, ஒன்பது நிமிடம் மிச்சமாகும் என்று திரையில் காட்டியது, நானும் திரும்பினேன். நல்ல தார் ரோடுதான். இரண்டு பக்கமும் ஆள் உயரப் புல். கொஞ்ச தூரம் போனதும் அம்மா நோட்டை மூடிவிட்டு, ஏங்க, எதிர்ல ஒரு வண்டிகூட வரலையே என்றாள். எனக்கும் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது, எதிரே வண்டி வராத ரோட்டை டேங்கர்காரன் நம்பமாட்டான். நானூறு மீட்டர் நேராகச் செல்லவும் என்று குரல் சொன்னது, நான் பிரேக் போட்டு, கதவைத் திறந்தே விட்டுவிட்டு இறங்கி நடந்தேன். ஒரு வளைவுதான் தாண்டியிருப்பேன், ரோடு முடிந்துவிட்டது. பாலத்தின் நடுப்பகுதியே இல்லை, கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, வெகு கீழே பாறையும் தண்ணீரும். எச்சரிக்கைப் பலகை புல்லுக்குள் குப்புற விழுந்து கிடந்தது. பின்னால் காருக்குள்ளிருந்து நேராகச் செல்லவும் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸிலிருந்து அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார், நான் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐயா, அந்தக் கொரலக் கேட்டுத்தான் ஓடியாந்தேன் என்றார். போன மழையில் பாலம் போய்விட்டதாம், போன மாதம் ஒரு நர்ஸ், காலை டியூட்டிக்குப் போகிறவள், பனிமூட்டத்தில் நேராக வந்து விழுந்திருக்கிறாள். சத்தம் கேட்டு இவர் இறங்கிப் போனபோது கார் பாறையில் மூக்கைக் குத்தி நின்றதாம், அவளிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லையாம், இந்தக் குரல் மட்டும் வேறு வழி தேடப்படுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். அந்த நர்ஸ் இன்னும் கண் திறக்கவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம், உன் வயதுதான் இருக்கும், அவளுடைய அப்பா எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, நீங்க யாருன்னு தெரியலையே என்று கேட்டார். அந்த வழியா வந்தவங்க என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலையே உனக்குப் போன் செய்து பாலம் இல்லை என்று சொன்னது ஞாபகமிருக்கும். நீ என்ன சொன்னாய் என்பதும் ஞாபகமிருக்கட்டும். அந்த ஏரியா மேப் பூரா நான்தாம்பா செஞ்சேன், மேலேருந்து எடுத்த படத்துல பாலம் தெளிவாத் தெரிஞ்சுது, ஒரு ஆள் சொன்னாருன்னு ரோட்ட அழிக்க விடமாட்டாங்க, போட்டோவும் கையெழுத்தும் வச்சு அனுப்புங்க, வரிசைப்படி பார்ப்பாங்க என்றாய். நீ அதைப் பெருமையாகத்தான் சொன்னாய். அதற்குமேல் நர்ஸைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பக்கத்தில் அம்மா வேறு நின்றுகொண்டிருந்தாள். மேப்பில் அந்த ரோடு உன் கையால் போட்டது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது, நான் சொல்லப்போவதும் இல்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லையடா. படம் எடுத்த அன்று பாலம் இருந்திருக்கிறது, நீ பார்த்ததைச் செய்தாய். ஆனால் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் அந்த ரோட்டில் வருகிறவர்கள் உன் பொறுப்பு. மேலதிகாரி வரிசை என்றால், நர்ஸின் விஷயத்தைச் சொல், உன் பெயர் வெளியே வரும், வேலைக்குக்கூட ஆபத்து வரலாம், வரட்டும், வீட்டில் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. பஞ்சாயத்தில் சொன்னதற்குத் தடுப்பு வைக்க நாளாகும் என்றார்கள், அதனால் பம்ப் ஹவுஸ் அம்மாவும் நானும் ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு டிரம் வைத்துக் கயிறு கட்டினோம், தினமும் விடிந்ததும் போய் அங்கே உட்காருகிறேன். முந்தாநாள் ஒரு வேன் வந்தது, உள்ளே வாலிபால் ஆடப் போகும் பெண் பிள்ளைகள் பதினான்கு பேர், நான் எண்ணினேன். டிரைவர் தலையை நீட்டி, பெரியவரே, வழிய விடுங்க, இதுல ரோடு காட்டுது என்றான். இறங்கி வந்து பார் என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன். பார்த்துவிட்டு வந்தவன் பெரிய ரோடு வரைக்கும் வேனை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனான். நேற்றுப் போனால் டிரம் இரண்டையும் காணோம், யாரோ தண்ணீர் பிடிக்க ஆகும் என்று உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அம்மாவுக்கும் திங்கட்கிழமையிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றல் ஆகிறதாம்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், பாப்பாவுக்கு எங்கள் முத்தம். கடிதம் கைக்குக் கிடைத்ததும் முதலில் ரோட்டை எடு, அப்புறம் எனக்குப் பேசு, அம்மா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் இப்படி அடித்தால் பத்தடி தள்ளி நிற்கும் ஆளே தெரியாது. சிவப்புத் துண்டு ஒன்றை உன் சித்தியிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். கிளம்புகிறேன்.